கவிழ்த்துப் பார்க்கிறவர்களுக்கு

ஆரணிக்குப் பட்டு வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முந்தியை விரித்துப் போட்டு, சரிகை மின்னுவதைப் பார்த்துவிட்டு விலை கேட்பவர்கள் ஒரு வகை. புடவையின் ஓரத்தைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. எண்ணிக்கையில் இவர்கள் குறைவு; ஆனால் இவர்களை ஏமாற்றுவது கடினம். புட்டாவுக்காகக் கூடுதலாக ஓட்டிய சரிகை, பூ இல்லாத இடத்தில் எங்கே போகிறது என்று மேல்பக்கம் சொல்லாது. புரட்டினால்தான் அது நீளமாகத் தொங்குகிறதா, ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறதா, அறுந்த இழையை எத்தனை சிறிய முடிச்சில் முடிந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு இது புதுச் செய்தி அல்ல. இந்தப் பழக்கத்தை நெசவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் கட்சி. நீரில் மிதக்கும் பொருள்களையும் இப்படிப் புரட்டிப் பார்த்தால், நாம் சாதாரணமாக ‘வேலை’ என்று கூட எண்ணாத ஒரு கைத்திறன் அங்கே இருக்கிறது. படகின் அடியில் அதைக் காப்பதற்காகத் தனியாகச் சேர்க்கப்படும் தோல், தகடு, தார்ப்பூச்சு ஆகியவற்றைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஆரணியின் கமண்டல நாகநதியில் மழைக்காலத்துச் சில நாள்கள் தவிர மணல்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து படகைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் அடிப்பக்கத்துக்குக் காப்புப் போடுவது எப்படி என்ற கேள்விக்குப் பட்டு ஊரில் தினமும் பதில் எழுதப்படுகிறது, ஃபால்ஸ் தைக்கும் தையற்காரர்கள் கையால். புடவையின் கீழ்க்கரையில், கொசுவம் விழும் இடத்தில், உள்பக்கமாக மூன்று நான்கு அங்குல அகலத்தில் ஒரு பருத்திப் பட்டை. தரையில் உரசுவது, செருப்பு விளிம்பில் சிக்குவது, மெட்டியில் மாட்டுவது எல்லாம் இந்தப் பட்டையின் தலையில் விடியும், பட்டு தப்பிக்கும். நல்ல கைக்காரர் பட்டையை முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்தி விடுவார். இல்லாவிட்டால் பிறகு ஒருநாள் அது சுருங்கும்போது கரையையும் சேர்த்துச் சுருக்கிவிடும். மேல் ஓரத்தைத் தைக்கும்போது ஊசி பட்டில் ஓரிரு இழைகளை மட்டுமே தொட்டுப் போகும். வெளிப்பக்கம் பார்த்தால் தையல் இருப்பதே தெரியாது. இயந்திரத்தில் ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் பட்டை நைந்து பிரிக்கும் நாளில் பட்டின் மேல் ஊசித்துளை வரிசை ஒன்று நிரந்தரமாக நிற்கும். ஆகவே ஃபால்ஸ் தைப்பவரின் திறமை, அதைப் பிரிக்கப் போகும் நாளை மனதில் வைத்துத் தைப்பதில் இருக்கிறது. கெட்டிப்படுத்துவது எளிது. கெட்டியாக இருக்க வேண்டிய அளவு மட்டும் கெட்டியாக இருந்து, கேட்டதும் கழன்று வருமாறு வைப்பதற்குத்தான் கை வேண்டும். அடிக்காப்பின் கலை முழுவதும் இதுதான் என்பது என் வாதம். இனி இதை நீர் மேல் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் நம் ஊர்ப் பொருள், ஒகேனக்கல் பரிசல். மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, வட்டமான அடிக்கூடையைப் பின்னி, விளிம்பில் வளைத்துக் கட்டுகிறார்கள். குறுக்களவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். கை பழகியவர்கள் ஒரு நாளில் ஒன்றை முடித்துவிடுவார்கள். கூடையாக இருக்கும்வரை அது தண்ணீரை வடிகட்டத்தான் உதவும். அதைப் படகாக்குவது வெளியிலிருந்து போர்த்தப்படும் அடித்தோல். ஒரு காலத்தில் எருமைத்தோல். இப்போது பிளாஸ்டிக் தாளோ உரச்சாக்கோ போர்த்தி, அதன்மேல் உருக்கிய தார் பூசுகிறார்கள். கவிழ்த்து வைத்த பரிசலை அருகில் போய்ப் பார்த்தால் கறுப்பு என்று நினைத்தது ஒரே கறுப்பு அல்ல என்பது புரியும். நடுவில், பாறையில் தேய்கிற இடத்தில், தார் கனமாகவும் மங்கலாகவும் இருக்கும். ஓரத்துக்கு வர வர மெலிந்து, உள்ளே இருக்கும் பிளாச்சின் புடைப்பு வரிவரியாகத் தெரியும். ஆங்காங்கே ஒட்டுப் போட்ட இடங்கள் சற்றுப் பளபளக்கும். ஆணி எங்கும் இல்லை. இருந்தால் ஆணித்தலை முதல் பாறையிலேயே மாட்டி, தாளைக் கிழித்துக்கொண்டு போகும். தோலுக்கு முக்கியமான பிடிமானம் விளிம்பில். அடியில் அது கூடையின் மேல் படிந்து மட்டும் கிடக்கிறது. அதனால் பாறை இடித்து மூங்கில் உள்வாங்கும்போது தோலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நகர முடிகிறது.

தாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலரும் அழுக்கு என்றே கடந்து போகிறார்கள். தார் முழுக்கக் கெட்டியாவதில்லை. வெயிலில் இளகும், குளிர்ந்த நீரில் இறுகும். பாறை கீறினால் கீறிய இடத்தை மட்டும் சூடுபடுத்தி, பக்கத்துத் தாரையே இழுத்து மூடிவிடலாம். காயத்தைத் தன் உடம்பாலேயே ஆற்றிக்கொள்ளும் பூச்சு என்று சொன்னால் மிகையில்லை. மூங்கில் கூடையில் ஒரு பிளாச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். தோல் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். பூச்சு தேய்ந்தால் அதை மட்டும் பூசலாம். மூன்று அடுக்குகளுக்கு மூன்று வெவ்வேறு ஆயுள். ஒன்று செத்தால் மற்றது உடன்கட்டை ஏறுவதில்லை. இதைத் திட்டமிட்டு வடிவமைத்த பொறியாளர் என்று யாரையும் காட்ட முடியாது. ஆனால் இதைவிடத் தெளிவான வடிவமைப்பை நான் அதிகம் கண்டதில்லை. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பூச ஆசைப்பட்டு வருஷா வருஷம் மேலே மேலே ஏற்றினால் பரிசல் கனத்துவிடும். அருவிப் பக்கம் கரையேறி, பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து, பாறைக்கு அப்பால் மீண்டும் நீரில் இறக்க வேண்டியவர் பரிசல்காரர்தான். அவருடைய கழுத்துதான் தாரின் அளவைத் தீர்மானிக்கும் தராசு. ஃபால்ஸ் துணி தடித்துப் போனால் கொசுவம் மடியாமல் விறைத்து நிற்கிறதே, அதே குற்றம்தான் இதுவும்.

இந்த ஏற்பாடு நமக்கு மட்டும் சொந்தமானதல்ல, நேற்று வந்ததும் அல்ல. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்கும் கூடை போன்ற வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேரை ஏற்றும், தேவையென்றால் குதிரையும் மாடும்கூட ஏறும் என்கிறார். அவருக்கும் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனின் தோல் படகுகளை விவரித்தார். அவர் தரும் ஒரு தகவல் எனக்கு மிகவும் பிடித்தது. சரக்கை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு இறங்கி வரும் வியாபாரிகள், ஊர் சேர்ந்ததும் சரக்கோடு சேர்த்துப் படகின் மரச்சட்டத்தையும் விற்றுவிடுவார்கள். அடித்தோலை மட்டும் கழற்றி, படகிலேயே கூட்டி வந்த கழுதையின் முதுகில் ஏற்றி, தரைவழியாக ஊர் திரும்புவார்கள். எதிரோட்டத்தில் அந்தப் படகைத் திரும்பக் கொண்டுபோக முடியாது. அங்கே சட்டம் மலிவு, தோல் விலை உயர்ந்தது. காவிரியில் இன்று நிலைமை தலைகீழ்: பின்னிய கூடைதான் உழைப்பும் விலையும், சாக்கும் தாரும் மலிவு. ஆனால் இரண்டு இடத்திலும் இரண்டையும் பிரிக்க முடிகிறது என்பதால்தான் எது மதிப்புள்ளதோ அதைக் காப்பாற்ற முடிகிறது. ஒட்டிப் பிறந்ததாக இருந்தால் எதையும் மீட்டிருக்க முடியாது.

இனி தட்டையான மிதவைகளுக்கு வருவோம். எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலானோர் பார்த்திருக்கும் மிதவை, திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் முடிந்தபின் அய்யங்குளத்தில் மூன்று இரவு நடக்கும் தெப்பல். காற்றடைத்த பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே சட்டம் போட்டு, பலகை பரப்பி, அதன்மேல் மண்டபம். திருவாரூர் கமலாலயத்துத் தெப்பம் போன்ற பெரியவையும் அடிப்படையில் இதே கட்டுமானம்தான். அமெரிக்காவில் பான்டூன் படகு என்று இன்று விலை உயர்ந்த உல்லாசப் பொருளாகிவிட்டது எதுவோ, அதுவும் இப்படித்தான் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்துக் கிராமத்துக்காரர் ஆம்ப்ரோஸ் வீரஸ், இரும்புப் பீப்பாய்களை முனையோடு முனை பற்றவைத்து இரண்டு வரிசையாக்கி, அதன்மேல் மரத்தளம் அமைத்தார். அய்யங்குளத்துக்காரர் யாராவது அன்று அங்கே இருந்திருந்தால், இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பார். பீப்பாய் பிறகு அலுமினியக் குழாய் ஆயிற்று. குழாய்களின் மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின் மேல் ப்ளைவுட் தளம். தெப்பலுக்கும் இதற்கும் உருவத்தில் இல்லாத வித்தியாசம் வேகத்தில் வந்தது. தெப்பலைக் கயிறு கட்டி ஆள்கள் இழுக்கிறார்கள். அது நடை வேகம், சில சமயம் நாகஸ்வரத்தின் வேகம். பான்டூனின் பின்னால் இயந்திரம் வந்து உட்கார்ந்துவிட்டது.

வேகம் வந்ததும் அடிப்பக்கம் ஒரு பிரச்சினையாகிறது. வேகம் இரட்டித்தால் நீரின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகக் கூடும். குழாய்கள் இரண்டும் நீரைக் கிழித்துக்கொண்டு போக, நடுவே எழும் அலையும் தெறிப்பும் மேலே இருக்கும் குறுக்குச் சட்டங்களில் ஒவ்வொன்றாக மோதுகின்றன. ஒவ்வொரு சட்டமும் தண்ணீரைப் பிடித்து இழுக்கும் ஒரு சிறு சுவர். தளத்தின் ப்ளைவுட் கீழ்ப்பக்கம் ஓயாமல் நனைகிறது, இரைச்சலும் அதிகம். இதற்குத்தான் சட்டங்களுக்குக் கீழே, குழாய்களுக்கு இடையே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடுகளை வைத்து மூடுகிறார்கள். தெறிப்பு வழவழப்பான பரப்பில் பட்டு வழுக்கிப் போகிறது, படகு அதே இயந்திரத்தில் கொஞ்சம் வேகமாகப் போகிறது, ப்ளைவுட்டும் பிழைக்கிறது. தெப்பலுக்கு இது எதுவும் தேவையில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: காப்பு எல்லாவற்றுக்கும் நல்லது என்று நான் வாதிடவில்லை. இல்லாத அபாயத்துக்குக் காப்புப் போடுவது எடையைக் கூட்டுவது மட்டுமே. தெப்பலுக்கு அடித்தகடு போடுகிறவர், நாற்காலியில் மடித்து வைக்கும் அங்கவஸ்திரத்துக்கு ஃபால்ஸ் கேட்கிறவர்.

தகடு பொருத்துவதில் உள்ள நுணுக்கம் மூன்று இடத்தில் தெரியும். ஒன்று, தகடும் தகடும் சேரும் மடிப்பு. படகு முன்னே போக நீர் பின்னோக்கி ஓடுகிறது. ஆகவே முன்தகட்டின் பின் ஓரம், பின்தகட்டின் முன் ஓரத்தை வெளிப்பக்கமாக, அதாவது அடியில், மூடியிருக்க வேண்டும். மாறி அமைந்தால் ஒவ்வொரு மடிப்பும் வாயைத் திறந்துகொண்டு தண்ணீரை அள்ளும். ஒருநாள் வேகத்தில் தகடே பிய்ந்து தொங்கும். இதனால் விஷயம் தெரிந்தவர் பின்கோடியிலிருந்து வேலையைத் தொடங்கி முன்னோக்கி வருவார். இரண்டு, வடிகால். எவ்வளவு மூடினாலும் தளத்தின் இடுக்கு வழியாக மேலிருந்து தண்ணீர் இறங்கத்தான் செய்யும். மழை இருக்கிறது, தளத்தைக் கழுவுவது இருக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேற ஒவ்வொரு பகுதியின் தாழ்ந்த முனையிலும் வழி விட்டாக வேண்டும். வழி விடாத தகடு, நீரை வெளியே நிறுத்தும் பொருள் என்ற நிலையிலிருந்து நீரை உள்ளே அடைத்து வைக்கும் தொட்டியாக மாறிவிடுகிறது. ப்ளைவுட் மேலிருந்து நனைந்து கீழே உலர வழியில்லாமல் மக்கும். மூன்றாவது, பிடிமானம். ரிவிட் அடித்தால் அதிராது, உதிராது. ஆனால் உள்ளே ஓடும் மின்கம்பியில் ஒரு பழுது என்றால் ஒவ்வொரு ரிவிட்டையும் துளைத்தெடுக்க வேண்டும். திருகாணி போட்டால் கழற்றலாம்; ஆனால் எந்த உலோகத்துத் திருகாணி என்ற கேள்வி வருகிறது. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி வினை நடந்து, கரைவது அலுமினியம். ஏற்காடு ஏரியின் நன்னீரில் மெதுவாக நடக்கும் இந்தத் தேய்வு, முட்டுக்காட்டின் உப்பங்கழியில் மளமளவென்று நடக்கும். எஃகு ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு நைலான் வளையம் போடுகிற ஒருவர் எந்தத் தண்ணீரில் படகு இறங்கப் போகிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

அந்த வளையம் அற்பமான விஷயமாகத் தோன்றினால் பிரிட்டிஷ் கடற்படையின் கதையைப் பார்க்க வேண்டும். வெப்பக் கடல்களில் மரக்கப்பல்களின் அடியைக் கப்பல்புழு சல்லடையாக்கிக்கொண்டிருந்தது (புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது). 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடி முழுவதும் செம்புத் தகடு போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763இல் திரும்பியதும் ஆராய்ந்தார்கள். புழு ஏறவில்லை, பாசியும் சிப்பியும் படியவில்லை, செம்பு ஜெயித்துவிட்டது. ஆனால் தகட்டையும் கப்பலையும் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்து ஒன்றுமில்லாமல் போயிருந்தன. சில இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. ஏன் என்று பார்த்தால், அங்கெல்லாம் செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் எடுக்கப்படாமல் இடையில் சிக்கியிருந்தது. கவனக்குறைவாக விடப்பட்ட காகிதத் துண்டு, கப்பலின் உடலையும் அதன் காப்பையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் பிரித்து வைத்திருந்தது. பிறகு பல வருஷம் கழித்து ஆணிகளையே செம்புக் கலவையில் செய்து பிரச்சினையை முடித்தார்கள்.

கதை அதோடு நிற்கவில்லை. செம்பு மெல்ல மெல்லக் கரைகிறதே, செலவாகிறதே என்று கடற்படை கவலைப்பட்டபோது, 1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஒரு வழி சொன்னார்: செம்புத் தகட்டோடு சிறு இரும்புத் துண்டுகளையோ துத்தநாகத் துண்டுகளையோ இணைத்தால், அவை அரித்துப்போய்ச் செம்பைக் காப்பாற்றும். அறிவியலாக இது முழு வெற்றி. செம்பு கரைவது நின்றது. அது நின்றதும் கப்பலடியில் சிப்பியும் பாசியும் மண்டத் தொடங்கின. செம்பு கரைந்துகொண்டே இருந்ததால்தான் எதுவும் அதன்மேல் குடியேறாமல் இருந்திருக்கிறது. காப்புக்குக் காப்புப் போட்டதும் காப்பே வேலை செய்யாமல் போயிற்று. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. அடித்தோல் தேய்வதை நாம் அதன் குறையாக எண்ணுகிறோம். டேவியின் அனுபவம், தேய்வதுதான் அது செய்யும் வேலை என்று காட்டுகிறது. பரிசலின் தார் பாறையில் உரசிக் கழிவதையும் ஃபால்ஸ் துணி நைவதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் குற்றம் சொல்லத் தோன்றாது.

இந்த வாதத்துக்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஃபைபர் வந்துவிட்டதே, இனி எதற்குத் தனித்தோல்? உடலும் தோலும் ஒன்றாக வார்த்த ஃபைபர் பரிசல் ஒழுகாது, மக்காது, ஆண்டுக்கு ஒருமுறை தார் காய்ச்சும் வேலையில்லை. அணைகளில் மீன் பிடிக்கிறவர்கள் அதை விரும்புவது சோம்பேறித்தனத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான். நம் கடற்கரையில் கட்டுமரம் கட்டியவர்கள் பெரும்பாலும் ஃபைபர் படகுக்கு மாறியதும் இப்படித்தான். அவர்களிடம் போய்ப் பழமையின் பெருமை பேச எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டு செய்திகள். அமைதியான அணைநீரில் ஃபைபருக்கு இருக்கும் அனுகூலம், பாறை நிறைந்த ஆற்றில் அப்படியே இருப்பதில்லை. மூங்கில் வளைந்து கொடுக்கும் இடத்தில் ஃபைபர் விரியும். விரிந்ததை ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சரிசெய்ய முடியாது, பிசினும் கண்ணாடி இழையும் உலர்ந்த இடமும் வேண்டும். இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. மரம் அல்லது ப்ளைவுட் படகின்மேல் ஃபைபரைப் பூச்சாகப் போடும் வழக்கம் கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பரவலானது. அங்கே ஃபைபர் மரத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது, பார்ப்பதற்கு ஒரே உடல். எங்கோ ஒரு மயிரிழை விரிசல் வழியாக நீர் புகுந்தால், பளபளப்பான தோலுக்கு உள்ளே மரம் மக்கிக்கொண்டே போகும். வெளியே எதுவும் தெரியாது. தோல் உண்மையைச் சொல்ல மறுக்கிறது. முழுக்க ஃபைபராக வார்த்த படகில் இந்தத் தொல்லை இல்லை. பழைய உடலின்மேல் கழற்ற முடியாத புதுத் தோலைப் போர்த்தும்போதுதான் வருகிறது. ஆக, இந்த மறுப்பு என் வாதத்தைக் கொஞ்சம் குறுக்குகிறது: அடிக்காப்பு தேவைப்படாத உடல்களைச் செய்ய முடியும். ஆனால் காப்பு என்று ஒன்றைச் சேர்த்தால் அது பிரியக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற பகுதி அசையாமல் நிற்கிறது.

எருமைத்தோல் போய்ப் பிளாஸ்டிக் வந்ததோடு பரிசலின் அழகு போய்விட்டது என்று வருந்துபவர்களும் உண்டு. இந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. தோல் நனைந்தே கிடந்தால் அழுகும், நாறும். ஓயாமல் கரையேற்றி உலர்த்த வேண்டும். உரச்சாக்கைக் கண்டெடுத்தவர், பாட்டன் எந்தக் காரணத்துக்காகத் தோலைத் தேர்ந்தாரோ அதே காரணத்துக்காகச் சாக்கைத் தேர்ந்தார்: அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது, விலை குறைவு, மாற்றுவது எளிது. மரபு என்பது பொருளில் இல்லை, அந்தத் தேர்வில் இருக்கிறது. ஆனால் வேறொரு குறை சொல்வேன். கிழிந்த தாளும் உரிந்த தாரும் எங்கே போகின்றன? பழைய தோல் ஆற்றில் மக்கிப் போயிற்று, இது போகாது. மாற்றுவதற்கு எளிய அடித்தோல் என்றால் அடிக்கடி கழிவாகும் அடித்தோல் என்றும் பொருள். நான் புகழும் குணத்தின் விலை இது, காவிரி கொடுக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் ரசிக்க என்ன இருக்கிறது என்பது மூன்றாவது கேள்வி. புடவையை உடுத்தியபின் ஃபால்ஸ் தெரிவதில்லை, படகு மிதக்கும்போது அடித்தகடு தெரிவதில்லை. உண்மை. ஆனால் தெரியாத இடத்து வேலை வெளியே வேறு உருவத்தில் தெரிகிறது. ஃபால்ஸ் சரியாக விழுந்த புடவையில் கொசுவம் ஒரே சீராக இறங்கிக் கரை நேர்க்கோடாக நிற்கும். அதைப் பார்ப்பவர் பட்டைப் புகழ்வார், கீழே பிடித்திருக்கும் பருத்தியை அல்ல. ஆரணிப் பட்டு காஞ்சிபுரத்தை விட இலேசாகவும் மென்மையாகவும் இருப்பதுண்டு. அதனால் கீழே பிடிக்கும் கனம் கூடினாலும் குறைந்தாலும் இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். பரிசலோ இந்தக் கேள்வியையே பொய்யாக்குகிறது. ஓடாத நேரமெல்லாம் அது கரையில் கவிழ்ந்துதான் கிடக்கிறது. உலர வேண்டும், மழைநீர் தேங்கக் கூடாது. ஒகேனக்கலில் சுற்றுலாப் பயணி முதலில் பார்ப்பதே அடிப்பக்கங்களின் வரிசையைத்தான். பார்க்கத் தெரிந்தவருக்கு எந்தப் பரிசல்காரர் கைபோன இடத்துக்கெல்லாம் தார் அள்ளிப் பூசுகிறார், எவர் தேய்ந்த இடத்தை மட்டும் கண்டு பூசுகிறார் என்பது ஏறி உட்காரும் முன்பே தெரிந்துவிடும். அதற்காக உபயோகமானது எல்லாம் அழகு என்று சொல்லிவிட மாட்டேன். கண்ணாடி போல இழைத்து, ஒரு மடிப்பும் ஒரு வடிகால் துளையும் தெரியாமல் மூடிய பான்டூன் தகடு படத்தில் பிரமாதமாக இருக்கும். விஷயம் தெரிந்த கண்ணுக்கு அது அழகில்லை. உள்ளே எங்கே தண்ணீர் நிற்கிறது என்ற கவலைதான் முதலில் வரும்.

என் வாதம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடித்தோல் சட்டத்தின் ஆயுளைக் கூட்டும்; செத்த சட்டத்தை எழுப்பாது. மூங்கில் உளுத்துப்போன பரிசலின்மேல் புதுத் தார் பூசினால் அது புதுப் பரிசல் போலவே பளபளக்கும், மிதக்கவும் செய்யும், முதல் சுழலில் கூடை நொறுங்கும் வரை. நெருக்கமாகப் பின்னிய பிளாச்சுகளில் உளுப்பு உள்பக்கத்திலிருந்துதான் தெரியும். ஆகவே பூசுவதற்கு முன் பழைய தாளை உரித்து, உள்ளே பிளாச்சை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய பான்டூனை வாங்கி, ஓட்டம் கூடட்டும் என்று உடனே தகடு போடச் சொல்கிறவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். தளத்தின் ப்ளைவுட் ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தால், தகடு அந்த ஈரத்தை இன்னும் நன்றாகப் பாதுகாக்கும். தளத்தைக் குத்திப் பார்த்து, மக்கிய பலகையை மாற்றி, வெயில் காலத்தில் நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகுதான் தகட்டுக்கு அளவெடுக்க வேண்டும். ஆரணித் தையற்காரர் ஒருவர், கீழ்க்கரை ஏற்கெனவே விட்டுப்போன பழம்புடவையைக் கொண்டுவந்து ஃபால்ஸ் கேட்டால், இழை எடுத்துவிட்டு வா என்று முதலில் திருப்பி அனுப்புகிறார். படகுப் பட்டறையிலும் அப்படித் திருப்பி அனுப்பும் ஆள் ஒருவர் இருந்தால் அங்கே தகடு போடக் கொடுக்கலாம்.